அந்தத் திருப்பத்தில் நின்ற கார்

என் காரிலிருந்து யாரோ கரண்ட் திருடுகிறார்கள் என்று நான் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் புகார் சொன்னால் அவள் சிரிப்பதுதான் வழக்கம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியில் நம் குழாயில் மோட்டார் போடுகிறார் என்று தினம் ஒன்று கண்டுபிடித்துச் சொல்கிறவன் நான். அன்று அவள் கையில் கரண்டியோடு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்டிங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். வேலை கல்வராயன் மலைமேல். அங்கே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். திங்கட்கிழமை காலையில் காரில் ஏறிப் போவேன். வாரம் முழுவதும் பள்ளியிலேயே ஓர் அறையில் தங்கல். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இறங்கி வருவேன். கடைசி பஸ் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே கிளம்பிவிடும் என்பதால்தான் அந்தப் பழைய காரையே வாங்கினேன். பள்ளிக்கூடம் இருப்பதோ ஒரு பள்ளத்தில். வண்டி நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எந்தப் பக்கம் தள்ளினாலும் மேடு. செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறையின் உச்சியில் ஏறி நின்றால்தான் வீட்டோடு பேச முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் முன்பு குடித்தவன். கருணாபுரத்தில் அந்தக் கள்ளச்சாராயச் சாவுகள் விழுந்த வருஷம் என் மனைவியின் சித்தப்பா மகனும் போய்ச் சேர்ந்தான். கூலி வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியில் குடித்தவன். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் என் மனைவி என்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கிறவரை தொடக்கூடாது. பொறுக்க முடியாதவன் கோயிலுக்குத் திரும்பிப் போய்க் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குடிக்கப் போவான். அதனால் கட்டியிருந்த கை வெறுங்கையானால் ஊருக்கே விஷயம் புரிந்துவிடும்.

பூசாரி எனக்குக் கட்டும்போது அவள் பக்கத்தில் நின்று, "இது கையில இருக்கிற வரிக்கும்தான் நான் உங்க வூட்ல இருப்பேன். இல்லன்னா களமருதூர் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்றாள். களமருதூர் அவள் தாய்வீடு. சொன்னால் செய்கிறவள். அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் இந்தக் கதையை இவ்வளவு தெம்பாகச் சொல்ல மாட்டேன்.

பேட்டரி முதன்முதலில் இறங்கிய வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரில் எரிந்த விளக்குகளும் மங்கி அணைந்தன. பாறைமேல் ஏறி மனைவியைக் கூப்பிட்டு, "பேட்டரி இறங்கிப்போச்சு, இன்னிக்கி வர முடியாது" என்றேன். "சரிங்க" என்றாள். மறுநாள் காலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லோடு வண்டிக்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து என் வண்டியைக் கிளப்பிவிட்டார். கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி டக். மறுபடி பாறை, மறுபடி "சரிங்க."

பேட்டரி விற்ற கடைக்காரர்மேல்தான் முதல் சந்தேகம். பழையதற்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் பேட்டரியைச் சோதித்து, நல்லாத்தான் இருக்கிறது என்று காட்டினார். காட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஊரில் இருக்கும்போது இறங்குவதில்லை. மலையில் நிறுத்தினால் மட்டும் இறங்குகிறது. அப்படியென்றால் திருடன் மலையில் இருக்கிறான்.

பள்ளியின் வாட்ச்மேன் அந்த மலைக்காரர், என் வயதுதான். வாசல் பக்கத்து அறையில் குடும்பத்தோடு இருந்தார். மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும், மழை வந்தால் போகும், சில சமயம் சும்மாவே போகும். எங்கள் எல்லோருடைய போனும் செத்துக் கிடக்கும். அவருடையது மட்டும் எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். எனக்கு இது போதாதா? என் காரின் சார்ஜர் ஓட்டையில்தான் போடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் வணக்கம் வைத்தால்கூட ஏன் இவ்வளவு பணிவு என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துப் போய், ஒவ்வொரு கதவிலும் பானெட்டிலும் கண்ணுக்குத் தெரியாதபடி குறுக்கே கட்டிவைத்தேன். யார் திறந்தாலும் நூல் அறுந்துவிடும். வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். பலாமரத்தடியில் அது பாட்டுக்கு நின்றது. கோழிகள் அடியில் மண்ணைக் கிளறின. பிள்ளைகளும் நான் பார்க்கிற பக்கமே பார்த்தார்கள், கணக்கு யாருக்கும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு நூல்கூட அறுபடவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் டக். குனிந்து நூலைத் தடவிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார், வண்டிக்கி திருஷ்டிக் கவுறா?"

ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "நானே சொல்லணும்னு இருந்தேன் சார். யாரோ செஞ்சி வெச்சிக்கிறாங்க. இல்லன்னா வெள்ளிக்கெழமன்னா கரெக்டா நிக்குமா?" அடுத்த வாரம் முதல் என் கார் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, அவர் செலவு. அவர் போன் எப்படிச் சார்ஜ் ஆகிறது என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. அவர் அறையின் கூரைமேல் கையகலச் சோலார் தகடு ஒன்று வெயிலில் கிடந்தது. அதற்குப் பிறகும் அவரை முழுதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஏதாவது செய்கிறாரோ என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.

நான் மலையில் திருடனைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் வீட்டில் நடந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் வந்து இறங்கியதும் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு நகர மாட்டாள், நான் குடித்து முடிக்கிறவரை முகத்துக்கு நேரே நிற்பாள். பாசம் என்று நினைத்தேன். ராத்திரி எங்கே படுத்தீர்கள், யார் வந்து வண்டியை எடுத்துவிட்டது, எந்த இடத்தில் நின்றது என்று கேட்பாள். கேட்டதையே ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். காரைப் பற்றி இவளுக்கும் அக்கறை வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்கூட. ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகித்தவன் இவள் கேள்விகளை மட்டும் அப்படியே நம்பினேன்.

அப்புறம் கயிறு போயிற்று. பேட்டரியின் முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சனிக்கிழமை தோறும் ஒயர் கொடுப்பதற்கு முன் அதை வெந்நீர் ஊற்றிக் கையாலேயே தேய்த்து எடுப்பேன். அந்த உப்பில் ஆசிட் இருக்கிறது, சட்டையில் பட்டால் ஓட்டை விழும் என்று எனக்குத் தெரியும். கயிறும் நூல்தானே என்று தோன்றவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பார்த்தேன், மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. வழியில் எங்கோ இற்று விழுந்திருக்கிறது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அடுத்த வாரம் கோயிலில் வேறு கட்டிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் பரண்மேல் இருந்த துணிப்பை கீழே இறங்கிக் கட்டிலருகே நின்றது. என்ன இது என்று கேட்டேன். "தொவைக்கணும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வண்டி கிளம்பவில்லை. சனிக்கிழமை இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் ஓயாமல் பேசுகிறவர். பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். வண்டி அணைந்திருக்கிறது, சாவி என் பையில் இருக்கிறது, முள் மட்டும் எழுந்து நின்றது. ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றார். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோ, ஹாரன், உள்விளக்கு எல்லாம் போயிற்று, முள் இறங்கவில்லை. பியூஸில் வராமல் நேராகப் பேட்டரியிலிருந்தே யாரோ ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் கையால் துழாவினார்.

"இங்க ஒண்ணு சூடா இருக்குது சார்" என்று கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை வெளியே இழுத்தார். அதன் மூலையில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "வண்டி பைனான்ஸ்ல எடுத்ததா?"

இல்லை என்றேன்.

"பைனான்ஸ்காரங்கதான் சொல்லாம கொள்ளாம இத ஒட்டுவாங்க. வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டுற மிஷினு. டவர் இல்லாத எடத்துல விட்டீங்கன்னா இது டவர தேடிக்கினே கெடக்கும். தேடத் தேட சூடாவும், கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும். அதான் மலைல மட்டும் இறங்கிக்கிது." என்னை ஏற இறங்கப் பார்த்து, "வூட்ல எதுனா சண்டையா சார்?" என்று பல்லைக் காட்டினார்.

அதே மாதிரிப் பெட்டியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சின்னசேலத்தில் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வைத்திருக்கும் செல்போன் கடையின் கண்ணாடி அலமாரியில். ஒருமுறை கோயிலுக்குப் போகவேண்டும் என்று காரை வாங்கிப் போனவன், மறுநாள் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து விட்டான். தன் பைக்கையே கழுவாதவன். எங்கேயோ இடித்துவிட்டான் என்று சந்தேகப்பட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கீறல் தேடினேன். வெளியே தேடியவன் உள்ளே தேடவில்லை. பேட்டரி இறங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைக் கொண்டுபோய் வீட்டு மேஜைமேல் வைத்தேன். மனைவி பதறவில்லை.

"நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றாள்.

"எதுக்கு?"

"உங்களப் பாத்துக்கினே இருக்கணும்னுதான். சித்தப்பா மவன் செத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க மலைக்கிப் போனா போன் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நல்லா இருக்கீங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் வெச்சேன். இப்பதான் தெரிஞ்சிபோச்சே, எங்க இருக்கீங்கன்னு."

போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். மலைப்பாதையின் படம். அதில் ஒரு திருப்பத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும், கள்ளக்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே ஓடையில் முன்பு சாராயம் காய்ச்சினார்கள். சொல்லிவைத்தாற்போல் மலைப்பாதையில் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடமும் அதுதான். அதைத் தாண்டினால் பெட்டியால் எதுவும் சொல்ல முடியாது, கடைசியாகச் சொன்ன இடத்திலேயே புள்ளி நின்றுவிடும்.

"திங்கக்கெழம காலைல இங்க போயி நிக்கிது. வாரம் பூரா நவுரல. சனிக்கெழமதான் இறங்குது. இன்னா, ஸ்கூலு இங்கயா இருக்குது? பேட்டரி போச்சி பேட்டரி போச்சின்னு வெள்ளிக்கெழம ராத்திரி தங்கிக்கிறீங்க. கவுறு எங்க?"

"பேட்டரில இருந்த ஆசிட்டு பட்டு இத்துப்போச்சு."

"ஆசிட்டு" என்றாள்.

சிக்னல் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். பெட்டி டவரைத் தேடுவதையும், தேடித் தேடி பேட்டரியைக் குடிப்பதையும், அதனால்தான் நான் வெள்ளிக்கிழமை மாட்டிக்கொள்வதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கதை கட்டுவதுபோல் இருந்தது. வேறொருவன் வாயிலிருந்து இதைக் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். கோபமெல்லாம் எங்கோ போய், அழுகை வருகிறாற்போல் இருந்தது. குடித்த காலத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களையெல்லாம் அவள் நம்பியிருக்கிறாள். இப்போது ஒரு உண்மை சொல்கிறேன், அது செல்லுபடியாகவில்லை.

"திங்கக்கெழம நீயும் என்கூட வா" என்றேன். "போன கையில வெச்சிக்கினு வா."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மறுபடி எலக்ட்ரீஷியனிடம் எடுத்துப் போனேன். இருந்த இடத்திலேயே மாட்டச் சொன்னேன். "காசு குடுத்துக் கழட்டினத காசு குடுத்து மாட்டுற ஆள இப்பதான் சார் பாக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவள் துணிப்பையையும் எடுத்துக்கொண்டுதான் காரில் ஏறினாள். நான் சொன்னது பொய்யாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே களமருதூர் பஸ் ஏறிவிடுவாள். அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதன்மேல் போன். மலை ஏற ஏற நான் ரோட்டைப் பார்ப்பதைவிட அவள் கையைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்தத் திருப்பம் வந்தது. ஒரு டீக்கடை, நாலு ஆடுகள், வேறு ஒன்றுமில்லை. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையாட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய போனில் புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள். "என் போன்லதான் நெட்டு இல்ல போல" என்றாள். நம்புகிற குரல் இல்லை அது.

பள்ளிக்கு வந்து பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். வாட்ச்மேன் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். என் மனைவியைப் பார்த்ததும் பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டார். "அம்மா, சார் வெள்ளிக்கெழமன்னா அந்தப் பாறைமேல ஏறி நின்னுக்கினுதான் உங்களாண்ட பேசுவாரு. பேசிட்டு இறங்கி வந்தா அன்னிக்கி சோறே துன்ன மாட்டாரு" என்றார். அவரை நான் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்கிறேனோ என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் சந்தேகம் இப்போது இரண்டு பேருக்கும் பொது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவளே பாறைமேல் ஏறினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். உச்சியில் சிக்னல் வந்தது. புள்ளி அந்தத் திருப்பத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. கீழே பலாமரத்தடியில் கார் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. அவள் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், மாமா வண்டி இப்ப எங்க இருக்குது பாரு."

"பாத்துக்கினுதான் இருக்கேங்கா. அதே திருப்பத்துலதான் நிக்கிது. திங்கக்கெழம காலைலயே ஊத்த ஆரம்பிச்சிட்டாரு. இதுக்கு மேல இன்னாத்த பாக்கறது? நீ துணிய எடுத்துக்கினு கெளம்பு, நான் வந்து களமருதூர்ல வுடறேன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அந்த வண்டிலதான்டா நானும் வந்தேன்" என்றாள். "ஸ்கூலாண்ட நிக்கிது. எதிர்ல பாத்துக்கினு இருக்கேன்."

அவன் என்னவோ கேட்டான், அவள் போனை வைத்துவிட்டாள். என் கையிலிருந்த பையை வாங்கிப் பாறைமேல் வைத்துத் திறந்தாள். புடவைகளுக்கு நடுவில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே விபூதி வாசனையோடு ஒரு புதுக் கயிறு. என் கை வெறுமையாக இருந்ததைப் பார்த்த மறுநாளே கோயிலுக்குப் போய் வாங்கி வந்தாளாம். தாய்வீட்டுக்குப் போவதற்காகக் கட்டிய பையில் இதை எதற்காக வைத்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"பேட்டரி தேய்க்கிற கை எது?" என்றாள்.

வலது கையை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டு, இடது கையைப் பிடித்துக் கட்டினாள்.